சகலையின் மைட்டர் மெசின்

அந்த மெசினை நான் முதன்முதலில் பார்த்தது மாமியார் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு மேல். கீழே புதுத் துணி விரித்து அதன்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். "எவ்வளவு பாரமிருக்கும்?" என்றார் ஒருவர். "கைய வெட்டிராதா?" என்றாள் ஒருத்தி. மாமியார் வந்தவர்களுக்கெல்லாம் கோப்பி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், சீனி குறைவாக.

மரம் அறுக்கிற மெசினைச் சாப்பாட்டு மேசையில் வைக்கிற வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த வீட்டுக்கு மூத்த மருமகன் நான்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் என் உளிப் பெட்டியைத் தெரியாத்தனமாக அதே மேசையில் வைத்துவிட்டேன். "சோறு திங்கிற எடம் மாப்பிள்ளை" என்று சொல்லி மாமியார் இரண்டு விரலால் தூக்கிக் கீழே வைத்தார். அன்று சோறு தின்னும் இடமாக இருந்தது, சின்ன மருமகன் கட்டாரிலிருந்து பெட்டி கொண்டு வந்ததும் கோவில் மேடையாகிவிட்டது.

சின்ன மருமகன் என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். எனக்குச் சகலை. அவனும் பாஸ், நானும் பாஸ். மாத்தளையில் மரவேலை செய்கிறவனை யார் கூப்பிட்டாலும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கட்டாருக்குப் போவதற்கு முன்னால் 'பாஸ்' என்று யாராவது குரல் கொடுத்தால் நான் மட்டும்தான் திரும்புவேன். அவன் அங்கே ஹோட்டல்களுக்கு மரத்தரை பதிக்கிற வேலை பார்த்துவிட்டு, தோளில் சதை போட்டு, இந்த மெசினோடு வந்து இறங்கினான்.

மைட்டர் மெசின் என்பார்கள், அது என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். மேசை மாதிரி ஒரு தட்டு. தட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு அலுமினியத் தடுப்பு. பலகையை அந்தத் தடுப்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். மேலேயிருந்து வட்ட வாள் சுற்றிக்கொண்டே இறங்கும். தட்டைத் திருப்பினால் மூலைக்கு வெட்டும், வாளின் தலையைச் சாய்த்தால் சாய்வாக வெட்டும், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் இரண்டும் ஒரே வெட்டில் வரும். தலை முன்னும் பின்னும் ஓட இரண்டு கம்பி ரயில் வேறு வைத்திருக்கிறார்கள். அறையின் நாலு மூலையிலும் பலகை ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் நாற்பத்தைந்து பாகை பிசகாமல் வெட்ட வேண்டும். அதற்கு நான் வைத்திருப்பது ஒரு கைவாளும், வாள் நுழைய வெட்டு வைத்த ஒரு மரப்பெட்டியும். வெட்டு தேய்ந்து அகலமாகிவிட்டது. மிச்சத்தைச் சீவுளி பார்த்துக்கொள்ளும், அதுவும் பார்க்காததை நான் மரத்தூளும் பசையும் வைத்து அடைப்பேன். யாருக்கும் தெரியாது.

அன்று அவன் ஒரு துண்டு சப்பு மரப் பலகையை வெட்டிக் காட்டினான். ஒரே ஒரு சத்தம், முடிந்தது. வெட்டின முகம் கண்ணாடி. எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். என் மனைவியும் தடவினாள், தடவிவிட்டு என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஆரம்பித்தாள். "எவ்வளவு நீட்டா வெட்டுது பாத்தீங்களா? ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"ஏன், நான் வெட்டினா மரம் ஒப்பாரி வைக்குதா?"

"நான் ஒங்கள ஒண்ணும் சொல்லலையே. மெசினத்தானே சொன்னேன்."

அதுதான் எனக்கு எரிந்தது. என்னை ஒன்றும் சொல்லவில்லை. என்னைச் சொல்லவே இல்லை. நாளைக்கே நானும் ஒன்று வாங்குகிறேன், அவனுடையதை விடப் பெரிதாக வாங்குகிறேன் என்று தீர்மானித்தபோது எங்கள் வீட்டுப் படலைக்கூடத் தாண்டவில்லை.

தீர்மானிப்பது லேசு, தெரிந்தெடுப்பது அல்லவா வேலை. போனில் வீடியோ பார்த்தேன். ஒருவன் பத்து இன்ச் என்கிறான், இன்னொருவன் பன்னிரண்டு இன்ச் இல்லாவிட்டால் வாங்காதே என்கிறான். ஒன்று ஒரு பக்கம் மட்டும் சாயும், ஒன்று இரண்டு பக்கமும் சாயும். ஒன்றில் சிவப்பு வெளிச்சக் கோடு வரும், ஒன்றில் வாளின் நிழலே கோடாக விழும். எல்லா வீடியோவிலும் வெட்டுகிறவன் சிரித்துக்கொண்டே வெட்டுகிறான். அவனுக்கென்ன, அவன் சகலை பார்த்துக்கொண்டா நிற்கிறான்?

மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை இறக்கி வைத்து, பெட்டியில் எழுதியிருந்ததை எனக்கே வாசித்துக் காட்டினார். நான் ஒரு மணித்தியாலமாகத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "என்னா வேலைக்கு பாஸ் எடுக்கிறீங்க? அதச் சொன்னா தேடித் தரலாம்" என்றார். அவனிடம் இருப்பதை விடப் பெரிதாக வேண்டும் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "பலகைத் தரைக்கு, கதவு நெலைக்கு, எல்லாத்துக்கும்" என்றேன். "அப்ப ஒங்க சகலைகிட்டயே கேக்கலாமே, அவருக்குத்தான் இது அத்துப்படியாமே" என்றார் அந்த மனுஷன். பெட்டியை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைக்காரர் சொன்னது உண்மை. இந்த டவுனில் இந்த மெசினைப் பற்றித் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். எனக்கு மெசின் வேண்டுமென்றால் யாரைக் கேட்கவே கூடாது என்று நினைத்தேனோ அவனைத்தான் கேட்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், ஆனால் நேராகக் கேட்கவில்லை.

"தம்பி, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு இந்த மாதிரி மெசின் ஒண்ணு எடுக்கணுங்குறாரு. எத எடுக்கச் சொல்ல?"

அவன் உடனே உட்கார்ந்துவிட்டான். சொல்லிக் கொடுப்பதென்றால் அவனுக்கு அவ்வளவு ஆசை. "அவருக்கு தரை வேலையா அண்ணே, வேற மரவேலையா?"

"ரெண்டுந்தான்."

"அப்ப பத்து இன்ச் எடுக்கச் சொல்லுங்க. இந்த ரயில் வச்சதெல்லாம் வேணாம். தரைப்பலகை என்னா அகலம், கை அகலந்தானே? அதுக்கு ரயில் எதுக்கு? ஒரு பக்கம் சாஞ்சா போதும், பலகையத் திருப்பிப் போட்டு வெட்டிக்கலாம். பாரம் கொறைஞ்சதா பாக்கச் சொல்லுங்க, அதுதான் முக்கியம். மாடிக்குத் தூக்கணும், லக்கல பக்கம் வேலைன்னா பஸ்ல ஏத்தணும். பிளேடு மட்டும் பல்லு கூடினதா போடச் சொல்லுங்க, இல்லாட்டி ஓரம் பிஞ்சிரும். என்னுது ரொம்பப் பெருசு அண்ணே. பின்னால ரயில் நீட்டிக்கிட்டு நிக்கிறதால சொவத்துக்கிட்ட வைக்கவே ஏலாது." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எடுக்கப் போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன்" என்றான்.

"எடுக்கிறது நான் இல்ல" என்றேன்.

"ஆமா ஆமா, அந்த ஆளு" என்றான் அவன்.

கேட்டீர்களா? அவனுக்குப் பெரிது, எனக்குச் சின்னது. அவனுக்கு ரயில், எனக்கு ரயில் எதுக்கு. அவனுடையது இரண்டு பக்கமும் சாயும், என்னுடையது ஒரு பக்கம் சாய்ந்தால் போதுமாம். ஆளை மட்டம் தட்டுவதற்கு இதைவிட அழகாக ஒரு வழி இருக்க முடியுமா?

இதற்கு நடுவில்தான் ஹாஜியார் வேலை வந்தது. ஹாஜியார் மிளகு வியாபாரி. பலாபத்வலையில் பெரிய வீதிக்கு முகம் பார்த்த வீடு. அந்த வீட்டின் கதவு, ஜன்னல், அலுமாரி, சாப்பாட்டுக் கதிரை வரைக்கும் நான் செய்தவை. தம்புள்ளைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கு மாடியில் வரிசையாக அறைகள் கட்டியிருந்தார், எல்லாவற்றுக்கும் மஹோகனிப் பலகையில் தரை. அந்த மாடி முழுக்க என் கைக்கு வந்தால் அதில் வருகிறதை வைத்தே மெசின் வாங்கிவிடலாம். அந்த வேலை இல்லாவிட்டால் மெசின் கனவுதான், கைவாளும் தேய்ந்த பெட்டியும்தான் மிச்சம். அந்த நம்பிக்கையில்தான் கடைகடையாகப் பெட்டிகளைத் தடவிக்கொண்டு திரிந்தேன்.

ஹாஜியார் என்னைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். "பாஸ், கோவிச்சுக்கப்படாது. ஒங்கட சகலைட்ட ஒரு மெசின் வந்திருக்காமே. மெசின் வேலை எப்பிடியெண்டு பாக்க எனக்கு ஒரு ஆசை. நீங்க ஒரு அறை போடுங்க, அவரு எதிர்த்த அறையப் போடட்டும். மூலை எல்லாம் பாத்து, எது நீட்டோ அவருக்கே மாடி முழுக்க."

அவர் வீட்டுக் கதிரையில், நான் செய்த கதிரையில் உட்கார்ந்துகொண்டே இதைக் கேட்டேன். "அதுக்கென்ன ஹாஜியார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

வேலை தொடங்குவதற்கு முன்னால் சரஸ்வதி பூசை வந்தது. மாமியார் வீட்டில் ஒரு வழக்கம். மருமகன்மார் இரண்டு பேரும் ஆயுதங்களைக் கொண்டு போய் அங்கே வைக்க வேண்டும். அக்காளும் தங்கையும் துடைத்து, விபூதி பூசி, பொட்டு வைப்பார்கள். அன்றைக்கு யாரும் ஆயுதத்தைத் தொடமாட்டோம். வைத்த பொட்டை யாரும் துடைக்கவும் மாட்டோம். லொறிக்கு வைத்த பொட்டு மழையில் கரைந்து போனால் போகும், அரிவாளுக்கு வைத்தது தேய்ந்து போனால் போகும். கையால் அழிப்பது என்ற பேச்சே கிடையாது.

என் மனைவி என் ஆயுதங்களுக்குப் பொட்டு வைத்ததை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு விரல் நுனியால் சந்தனத்தைத் தொட்டு, வாளுக்கு ஒன்று, சீவுளிக்கு ஒன்று, உளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு இழுப்பு. கோழிக்கு அரிசி தூவுகிற வேகம். அப்புறம் அவன் மெசினுக்குப் போனாள். மூன்று விரலையும் சந்தனக் கிண்ணத்தில் முக்கினாள். நடுவில் செவ்வந்தி மாலை தொங்கியதால் தடுப்பின் வலது கோடியில் இடம் பார்த்து, நிறுத்தி நிதானமாக மூன்று பட்டை இழுத்தாள். அதன்மேல் இன்னொரு தரம் அப்பினாள். அதன் நடுவில் குங்குமம். சந்தனம் சுவரில் பூசின சாந்து மாதிரி மொத்தமாக நின்றது.

"இவ்வளவு எதுக்கு?" என்றேன்.

"புது மெசினுங்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கட்டின பெண்சாதி சந்தனத்தில்கூட எனக்கு ஓரவஞ்சனை செய்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல? சுண்டல் கொடுத்தார்கள். அதையும் மென்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து ஹாஜியார் வீட்டு மாடியில் வேலை தொடங்கினோம். நடுவில் ஒரு நடை, இந்தப் பக்க அறையில் நான், அந்தப் பக்க அறையில் அவன். நான் வாளை இழுக்கத் தொடங்கினால் அங்கே 'விர்' என்று ஒரு சத்தம். நான் பாதி இழுப்பதற்குள் இன்னொரு 'விர்'. ஹாஜியார் மேலே வந்தால் என் வாசலில் ஒரு தலையாட்டல், அவன் வாசலில் ஒரு கதிரை. எனக்கு வியர்த்து ஊற்றியது. அவன் வியர்வையே இல்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டினான்.

அறை நடுவை நிரப்பி முடித்துச் சுற்றி வரும் ஓரச்சட்டத்துக்கு வந்தபோது அவன் பாட்டு நின்றது. மெசின் சத்தமும் நின்றது. வெகுநேரம் ஒன்றையும் காணோம் என்று எட்டிப் பார்த்தேன். மூலையில் குந்திக்கொண்டிருந்தான். இரண்டு பலகையும் சேர வேண்டிய இடத்தில் நகம் நுழைகிற இடைவெளி. அடுத்த மூலையிலும் அப்படியே. திரும்பிப் பார்த்தேன், நடுப்பலகைகளின் தலைமாட்டிலும் மயிரிழை மயிரிழையாக வாய் திறந்திருந்தது.

"வெளங்கல அண்ணே" என்றான். "சின்னத் துண்டு வெட்டி மூலைமட்டம் வச்சுப் பாத்தா நடுவுல ஊசி போகாது, அவ்வளவு சரி. நீட்டுப் பலகைய வெட்டினா கோணுது. மெசினும் அதேதான், பிளேடும் அதேதான். பேய் புடிச்ச மாதிரி இருக்கு."

"அச்சச்சோ" என்றேன். "அடடா, பாவம்" என்றும் சொன்னேன். உள்ளே எனக்குத் தேர் ஓடியது, மேளத்தோடு. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் சிரித்தேன். என் தேய்ந்த பெட்டியைத் தட்டிக் கொடுத்தேன். மாடி எனக்குத்தான்.

அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அவன் மனைவி தாயிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் ஹாஜியார் வீட்டு வாசலில் த்ரீவீல் ஒன்று வந்து நின்றது. மாமியார் இறங்கினார், கையில் உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றின பொட்டலம். பின்னாலேயே என் மனைவி இறங்கினாள்.

"மெசினுக்கு கண்ணு பட்டிருச்சு" என்றார் மாமியார், முடிவாக.

ஹாஜியாரிடம் நான் சங்கடப்பட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "பரவால்ல பாஸ், கண்ணூறு உண்மைதான். எங்கட ஆக்களும் நம்புறதுதான்" என்று சொல்லி வழி விட்டார்.

மாமியார் மிளகாயும் உப்பும் பிடித்த கையை மெசினைச் சுற்றிச் சுற்றி இறக்கினார். "ஊருக் கண்ணு, தெருக் கண்ணு, வந்தவ போனவ கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "ஒறவுக் கண்ணு" என்று சொன்னதும் கையை நிறுத்தினார். நிறுத்தி, நடையில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடியும் சுற்றினார். என் மனைவி தரையைப் பார்த்தாள். அவனும் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மிளகாயை நெருப்பில் போட எல்லோரும் கீழே பின்வளவுக்குப் போனார்கள்.

நான் தனியாக மாடியில் நின்றேன். கோபத்தில் அந்த மெசினை முறைத்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, தடுப்பின் வலது கோடியில் என் மனைவி அப்பின சந்தனம். காய்ந்து கல்லாகியிருந்தது. சின்னத் துண்டு அந்தக் கோடி வரைக்கும் போகாது, அதனால் தடுப்போடு ஒட்டி நிற்கும். நீட்டுப் பலகை அங்கே போய் அதன்மேல் ஏறிக்கொள்ளும், ஒரு கோடி துளி முன்னுக்குத் தள்ளும், வெட்டுக் கோணும். பேயுமில்லை, கண்ணுமில்லை. அவன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வெட்டியிருக்கிறான். சாமி பொட்டு அல்லவா, அவன் கண்ணுக்கு அது மெசினில் சேர்த்தியே இல்லை.

என் கைக்கு மாடி முழுவதும் வந்துவிட்ட மாதிரிதான். வாயைத் திறக்காமல் என் அறைக்குப் போய் மிச்ச மூலையைச் சீவினால் போதும். ஹாஜியார் பார்ப்பார், என்னுடையதுதான் நீட் என்பார், நான் போய் அந்தக் கடைக்காரர் மூஞ்சிக்கு முன்னால் பன்னிரண்டு இன்ச் பெட்டியை எடுப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், போகத்தான் திரும்பினேன். அப்போது கீழேயிருந்து மாமியார் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

"பாத்தீங்களா, நெடியே வரல! எவ்வளவு கண்ணு பட்டிருந்தா மொளகா நெடி இல்லாம போகும்! யாரு கண்ணுன்னு நான் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்."

மனைவி ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். 'அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா' என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. மாடி கிடைக்கும், மெசின் கிடைக்கும். கிடைத்த பிறகு சாகும்வரைக்கும் நான் அந்தக் குடும்பத்துக்குக் கொள்ளிக்கண்ணன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் என் கண், பால் திரைந்தாலும் என் கண். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"எல்லாரும் மேல வாங்க! இப்பவே வாங்க! கண்ணக் காட்டுறேன்!"

மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். நான் உளியை எடுத்து அந்தச் சந்தனத்தை நெம்பினேன். ஒரே வில்லையாகப் பெயர்ந்து வந்தது. உள்ளங்கையில் வைத்து மாமியார் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இதுதான் கண்ணு! பலகை இது மேல ஏறிக்கிட்டு நின்னா வெட்டுக் கோணாம என்னா செய்யும்? தம்பி, வெட்டிப் பாரு!"

அவன் ஓடிப்போய் நீட்டுப் பலகை ஒன்றை வைத்து வெட்டினான். மற்றப் பலகையையும் வெட்டி மூலையில் பொருத்தினான். கோடே தெரியவில்லை. அவன் தடுப்பின் கோடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

மாமியாருக்கும் விளங்கியது, வேறு மாதிரி. "பாத்தியா" என்றார் என் மனைவியிடம். "சுத்திப் போட்டதும் எப்படி டக்குனு சரியாயிருச்சு!" பிறகு என் உள்ளங்கையிலிருந்த வில்லையை எடுத்தார். "சாமி சந்தனம் மாப்பிள்ளை, கீழ போட்டா மிதிபடும்" என்று சொல்லி, அதை விரலால் நுணுக்கித் தண்ணீர் தொட்டுக் குழைத்து என் நெற்றியிலேயே பூசிவிட்டார். என் சாட்சி என் நெற்றிக்கு ஏறிவிட்டது. இனி யாரிடம் காட்டுவது? அவர்கள் த்ரீவீலில் ஏறிப் போனார்கள்.

மறுநாள் பின்னேரம் ஹாஜியார் இரண்டு அறையையும் பார்த்தார். சகலை கோணின பலகைகளைக் கழற்றி, புதிதாக வெட்டிப் பதித்து, எனக்கு முன்னாலேயே முடித்திருந்தான். "பாஸ், ஒங்கட வேலையில குத்தமில்ல. ஆனா தம்பிட மூலையப் பாருங்க, மரம் தானா மொளைச்ச மாதிரி இரிக்கி" என்றார் ஹாஜியார். மாடி அவனுக்குப் போனது. நான் என் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன்.

"ஹாஜியார், வெட்டுறதுக்கு ஒரு ஆளு, பதிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும்" என்றான் அவன். "அண்ணன் பதிச்சா நான் செய்றேன். இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு எரிந்ததே, மெசினைப் பார்த்து எரிந்ததெல்லாம் அதற்குக் கிட்டவும் வராது. பெரிய மனுஷத்தனத்திலும் என்னை முந்திக்கொள்ள வேண்டுமா இவன்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பதித்தேன். ஒவ்வோர் அறைக்கும் அந்த மெசினை நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன், என் இடுப்பு கழன்றது. ஒவ்வோர் அறையிலும் பின்னால் நீட்டின ரயில் சுவரில் இடித்தது, அறைக்கு நடுவில் போட்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. ரயிலை அவன் ஒருதரம்கூட ஓட்டவில்லை. அவன் எனக்குச் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மாடி முடிந்து கைக்கு வந்ததைக் கொண்டு அதே கடைக்குப் போனேன். சொல்லாமலே அவனும் வந்து நின்றான். கடைக்காரர் எல்லாவற்றையும் அவனிடமே கேட்டார், நான் சும்மா நின்றேன். பத்து இன்ச், ரயில் இல்லாதது, ஒரு பக்கம் சாய்வது. "அந்த ஆளுக்கா?" என்றான் அவன், சிரிக்காமல். "ஆமா, அந்த ஆளுக்குத்தான்" என்றேன். ஒரு கையால் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேல்தான் வைத்தேன். மனைவி சந்தனக் கிண்ணத்தைக் கொண்டு வந்தாள். ஒரு விரல் நுனியால் தொட்டு, கைப்பிடிக்கு மேலே மிளகளவில் ஒரு பொட்டு வைத்தாள். கிண்ணத்தை மூடிவிட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"பெருசா வச்சா வெட்டுக் கோணும்னு நீங்கதானே சத்தம் போட்டீங்க?"

"தடுப்புல வச்சாத்தான் கோணும். மோட்டர் மூடியில வைக்கலாமே. அவன் மெசினுக்கு மட்டும் மூணு விரலையும் முக்கி அப்பினியே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது கண்ணு படக்கூடாதுன்னு வச்சது. மெசின் வந்த நாள்லேருந்து நீங்க அதப் பாத்த பார்வை எனக்குத் தெரியாதா? தங்கச்சி வீட்டுச் சாமான், ஒங்க கண்ணால ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான் அவ்வளவு வச்சேன். ஒங்க மெசினுக்கு யாருங்க கண்ணு வைக்கப் போறா?"

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். அப்படியானால் என் கண்ணுக்குப் பயந்து வைத்த சந்தனம்தான் அந்த வெட்டைக் கோண வைத்தது. மாமியார் மிளகாயைச் சுற்றியது சரியான ஆளைப் பார்த்துத்தான்.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகப் பார்த்தாள்.

"இந்தா" என்றேன். "இன்னும் கொஞ்சம் வச்சிட்டுப் போ."